பெக்கோவுக்கு முந்தி ஒரு கொப்பி

அன்பின் தம்பிக்கு,

உங்கள் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. மன்னார்த் தீவில் அம்மா பிறந்த ஊரின் பழைய சிறு கோவிலையும் அதன் பின்புறத்துச் சேமக்காலையையும் திருத்துவதற்குப் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து காசு திரட்டியிருக்கிறீர்கள். காசை அனுப்பிவிட்டு இருந்துவிடாமல், ஆடி ஆவணி விடுமுறையில் வந்து நின்று சிரமதானமும் செய்யப் போகிறீர்கள். வாசிக்க வாசிக்க மனம் நிறைந்தது. ஆனால் கடைசிப் பந்தியில் ஒரு வரி: முதல் நாளே பெக்கோ இயந்திரம் பிடித்துப் பற்றை முழுவதையும் வழித்துத் தள்ளிவிட்டால் மற்ற வேலைகள் சுகமாக நடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை உடனே பேனா எடுக்க வைத்தது. பெக்கோ வேண்டாம், தம்பி. முதல் நாளும் வேண்டாம், பிறகும் வேண்டாம்.

இதே யோசனையோடு வேறு ஊர்ப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். அதனால்தான் உங்களுக்கான பதிலை எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உங்கள் ஊரின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

"ஊர்ச்சனம் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்" என்ற உங்கள் சொல்லைப் பற்றி முதலில் பேச வேண்டும். மன்னார்க் கரையில் ஒரு கோவில் பாழடைந்து கிடந்தால் அதற்கு அசட்டைதான் காரணம் என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. இந்தக் கரையின் சரித்திரமே எழும்பி ஓடிய சரித்திரம். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தபின் கத்தோலிக்கக் கோவில்கள் அவர்களுடைய சபையின் கைக்குப் போயின. 1670இல் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயின என்பது மடுத் திருத்தலத்தின் வரலாறு. 338 வருடம் கழித்து, 2008 ஏப்ரலில், ஷெல்லடிக்கு நடுவில் அதே சுரூபத்தை மறுபடி தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போக வேண்டி வந்தது. அந்த வருடமே அது மடுவுக்குத் திரும்பியது. சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். சுவரைத் தூக்க முடியாது. அப்பன் பாட்டனைப் புதைத்த மண்ணைத் தூக்க முடியாது. அவை இருந்த இடத்திலேயே மழையையும் வெயிலையும் வாங்கிக்கொண்டு நின்றன.

முசலிப் பக்கம் முள்ளிக்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2007 செப்டெம்பரில் அந்தச் சனத்தை எழுப்பிவிட்டார்கள். சண்டை முடிந்த பிறகும் ஊர் கடற்படையின் கையில்தான் இருந்தது. வீடுகள் சிலவற்றில் கடற்படையினர் குடியிருந்தார்கள், மற்றவை அழிந்துபோயின. சொந்த ஊருக்குள் சனம் போய்வர முடிந்தது கோவிலுக்கு மட்டும்தான், அதுவும் பூசைக்கு. பூசை முடிய மலங்காட்டுக்கும் காயாக்குழிக்கும் திரும்பிவிட வேண்டும். 2017 மார்ச்சில் அவர்கள் வீதியோரத்தில் கொட்டில் போட்டு இருந்துவிட்டார்கள். பெண்களும் கிழவிகளும் குழந்தைகளுமாக ஒரு மாதத்துக்கு மேல் இருந்தார்கள். ஏப்ரல் 29ஆம் திகதி 100 ஏக்கரை விடுவதாகக் கடற்படை அறிவித்தது. திரும்பிப் போனவர்கள் முதலில் போய் நின்றது கோவில் வளவில். மேலே கூரை இல்லாதவர்கள் அந்தக் கோவிலைச் சுற்றித்தான் தறப்பாள் கட்டினார்கள். தங்கள் வீட்டைப் பார்க்கவே விடாத காலத்திலும் கோவில் முற்றத்தைக் கூட்டிவிட்டு வந்த சனத்தைப் பார்த்து அசட்டை என்று சொல்ல முடியுமா?

கோவிலுக்குள் ஒதுங்கியவர்களுக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை. 2006 ஜூன் 17ஆம் திகதி பேசாலை வெற்றி அன்னை கோவிலுக்குள் தஞ்சமிருந்த சனத்தின் மேல் கைக்குண்டு விழுந்தது. 1990இலும் அதன்பிறகும் தீவிலிருந்து வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் அம்மாவே சொல்லுவா. ஆளில்லாத கோவிலில் முதலில் ஓடு நழுவும். ஓடு நழுவினால் சிலாகை உக்கும். சிலாகை உக்கினால் தீராந்தி இறங்கும். பிறகு சுவர்தான் மிச்சம். உங்கள் படத்தில் நிற்பது அந்தச் சுவர். ஆகவே, ஊருக்குப் போய்க் கதைக்கிறபோது 'விட்டுவிட்டார்கள்' என்ற சொல் உங்கள் வாயில் வரக்கூடாது. அந்தச் சொல் வந்தால் வேலைக்கு ஒரு மனுசரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது.

இனிச் சுவருக்கு வருகிறேன். உங்கள் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, வடக்குச் சுவரில் சாந்து கழன்று விழுந்த இடத்தைக் கிட்டப் போய் எடுத்த படம். அந்தக் கல்லில் சின்னச் சின்ன நட்சத்திரமாகத் துளைகள் தெரிகின்றன. பக்கத்துக் கல்லில் மடிப்பு மடிப்பாக வளைந்து ஓடும் கோடுகள். அது முருகைக்கல். கடலுக்குள் உயிரோடு வளர்ந்தது. வெட்டி எடுத்துக் காயவிட்டு, அடுக்கி, அதே முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பால் கட்டியிருக்கிறார்கள். அக்கரையில் தனுஷ்கோடிக்குப் போனால், 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கிற கோவில் சுவரிலும் இதே கல்லைப் பார்க்கலாம். இரண்டு கரைக்கும் கடல் ஒன்று, கல் ஒன்று, கொத்தர்களின் கைப்பழக்கமும் ஒன்று. தெற்கே அரிப்பில் ஆளுநர் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய டோரிக் மாளிகை செங்கல்லும் சுண்ணாம்புமாக எழும்பியது. கடல் கரையைத் தின்று தின்று இன்று அது துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்கிறது. அதன் சுவரில் மிஞ்சியிருக்கிற பூச்சைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 200 வருடம் கழிந்தும் அது எவ்வளவு மழமழப்பு என்று.

இப்படிப்பட்ட சுவருக்கு நீங்கள் சீமெந்து வாங்கப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலைக் கிழித்துவிடுங்கள். கடற்கரைச் சுவருக்குள் எப்போதும் ஈரமும் உப்பும் இருக்கும். நிலத்திலிருந்து ஈரம் ஏறும், காற்றிலிருந்து உப்பு இறங்கும். சுண்ணாம்புச் சாந்து நுண்துளை உள்ளது. ஈரம் அதன் வழியாக வெளியே வந்து காய்ந்துபோகும். உப்பும் அந்தச் சாந்தின் மேலேயே பூத்து உதிரும். சில வருடத்துக்கு ஒருக்கால் சாந்துதான் கெடும், கல் தப்பும். கெட்ட சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். சாந்து பழுதாவது கல்லைக் காப்பாற்றத்தான் என்று அந்தக் கொத்தர்களுக்குத் தெரிந்திருந்தது. சீமெந்தோ இறுகிப்போய் ஈரத்தை வெளியே விடாது. காயத்துக்கு மேல் பொலித்தீனைச் சுற்றிக் கட்டினால் உள்ளே என்ன நடக்குமோ அதுதான் சுவருக்குள்ளும் நடக்கும். உப்பு கல்லுக்குள்ளேயே பளிங்காகி, கல்லின் முகத்தை மாவாக்கிவிடும். வெளியே இரண்டு மூன்று வருடம் சுவர் வடிவாகத் தெரியும். பிறகு ஒரு நாள் சீமெந்துப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். விழும்போது கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். அதன்பிறகு மாற்றுக் கல் எங்கே எடுப்பீர்கள்? கடலில் முருகைக்கல் வெட்டுவது இன்று குற்றம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

ஆகவே, கீழே விழுந்து கிடக்கிற ஒவ்வொரு கல்லும் உங்களுக்குப் பவுண். பற்றைக்குள் கிடப்பதையெல்லாம் கையால் பொறுக்கி, எந்தச் சுவருக்குக் கீழே கிடந்ததோ அந்தச் சுவருக்கு நேரே அடுக்கிவையுங்கள். வாசல் வளைவின் கற்களாக இருந்தால் ஒவ்வொன்றிலும் இலக்கம் கட்டுங்கள். கல்லில் எழுதாமல் கயிற்றில் துண்டு கட்டினால் போதும். பெக்கோவின் ஒரு வாரலில் இவ்வளவும் மண்ணோடு மண்ணாகிவிடும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தர்கள் இப்போது மிகக் குறைவு. இருந்தாலும் வயதான ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். தீவில் கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணப் பக்கம் விசாரியுங்கள். அவருக்கு நாட்கூலியை இரண்டு மடங்காகக் கொடுங்கள். அவருக்குப் பக்கத்தில் ஊர்ப் பெடியன்கள் இரண்டு பேரைக் கூலிக்கே நிறுத்துங்கள், கை பழகட்டும். நீங்கள் திரட்டிய காசில் உருப்படியான செலவு அதுதான் என்று நினைக்கிறேன். சுண்ணாம்பை நீற்றி, தண்ணீருக்கு அடியில் கிழமைக் கணக்காக ஊறவிட வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் பொதுவான கணக்கு; கொத்தர் சுவரைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார். காலடியில் கிடக்கிற மணலை அள்ளிக் கலக்க வேண்டாம், அது முழுக்க உப்பு. அருவி ஆற்று மணலை முறையான அனுமதியோடு எடுப்பியுங்கள். கலக்கிற தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். பூசிய பிறகு ஈரச்சாக்குப் போட்டு நாட்கணக்கில் நனைத்துக் காக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் சுண்ணாம்பு கல்லாகும். ஆடியில் சோளகக் காற்று சுவரைச் சீக்கிரமே காயவைத்துவிடும், அதனால் சாக்கை விட்டுவிடாதீர்கள். நீற்றுகிற இடத்தில் குழந்தைகளை விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் பார்வையையே கெடுத்துவிடும்.

சுவரில் முளைத்திருக்கிற அரசங்கன்றைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். இழுத்தால் வேரோடு கல்லும் வரும். அடியோடு வெட்டிவிட்டு, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளி, வேர் உள்ளேயே செத்துக் காயவிடுங்கள். பிறகு அந்த வெடிப்பைச் சுண்ணாம்பால் நிரப்பலாம். பொறுமையான வேலைதான், விடுமுறைக்குள் முடியாது. முடியாததை ஊரில் ஒருவரிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தம்பி, போரும் புயலும் இடித்தது ஒரு பங்கு. எங்கள் ஆர்வம் இடித்தது அதற்குக் குறையாது. இதை வேதனையோடுதான் சொல்கிறேன். பழைய கோவில் சின்னது, ஒழுகுகிறது, திருவிழாவுக்குச் சனம் கொள்ளாது. வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது. ஒரே கிழமையில் பழையதை இடித்துத் தள்ளிவிட்டுக் கொங்கிறீற்றுத் தூண் எழுப்பி, ரைல்ஸ் பதித்து, முகப்பில் உபயகாரரின் பெயரைக் கருங்கல்லில் வெட்டிவிடுகிறார்கள். கொடுத்தவர்களின் பக்தியில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால் நூறு இருநூறு வருடம் ஒரு ஊரின் முழங்கால் பட்ட நிலத்தை ஒரு காலைப்பொழுதில் உடைத்தெடுக்கிற உரிமை யாருக்கும் இல்லை என்பது என் எண்ணம். சனம் கொள்ளாவிட்டால் பக்கத்தில் புதிதாகக் கட்டலாமே. கச்சதீவில் 2016இல் புதிய அந்தோனியார் கோவிலை அப்படித்தான் கட்டினார்கள். பழைய சிற்றாலயமும் நிற்கிறது, புதியதும் நிற்கிறது. இரண்டு கரையிலிருந்தும் வருகிற சனத்துக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.

வெளியுலகத்திலும் இதே சண்டை நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் பழைய கிராமக் கோவில்களைத் 'திருத்துகிறோம்' என்று இறங்கியவர்கள், சுவரின் பழைய பூச்சையெல்லாம் சுரண்டி எறிந்து, தங்களுக்குப் பிடித்த காலத்துப் பாணியில் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். பொறுக்கமுடியாமல் வில்லியம் மொறிஸ் 1877இல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார். அவர்கள் கேட்டது எளிமையானது: தினம் கொஞ்சம் கவனியுங்கள், ஒழுக்கை அடையுங்கள், விழப்போவதை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள், அதற்கு மேல் உங்கள் கற்பனையைப் பழைய சுவரில் ஏற்றாதீர்கள். 1957இல் அங்கே சனமில்லாமல் போன கோவில்களுக்கென்றே இன்னொரு சங்கம் தொடங்கினார்கள். இன்று 60க்கும் மேற்பட்ட கோவில்கள் அதன் பராமரிப்பில். அவற்றில் பலவற்றைக் காப்பாற்றுவது ஏணியோடு வந்து மழைக்கு முன் பீலியில் சருகு அள்ளுகிற அயல்வீட்டார். உங்கள் கோவிலுக்கும் முதல் வேலை அதுவே. ஐப்பசி மழைக்கு முன் மேலே தண்ணீர் இறங்காமல் ஒரு மறைப்பு, கீழே சுவரடியில் தண்ணீர் தேங்காமல் ஒரு வாய்க்கால். மன்னாரின் வருடத்து மழையில் பெரும்பங்கு வாடைக் காலத்தில் சில கிழமைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தக் கிழமைகளுக்குச் சுவரைத் தாங்கவைத்துவிட்டால் மற்றதை ஆறுதலாகப் பார்க்கலாம்.

சேமக்காலைக்கு வருவோம். அங்கே இன்னும் கவனம் வேண்டும். தீவு மணல் அசைகிற மணல். காற்று ஒரு பக்கம் அள்ளி மறுபக்கம் கொட்டும். படத்தில் வெறும் மேடாகத் தெரிகிற இடத்துக்கு அடியில் கட்டின கல்லறை இருக்கலாம்; வெறும் நிலமாகத் தெரிகிற இடத்தில் ஆள் இருக்கலாம். காசுள்ளவர்களுக்குத்தான் கல் வைத்தார்கள். மற்றவர்களுக்குக் கறுப்புப் பூசி வெள்ளையில் பெயர் எழுதிய மரச்சிலுவை. சில மாரியில் எழுத்துப் போகும், பிறகு சிலுவை கறையானுக்குப் போகும். அதற்குப் பிறகு அந்த இடம் மகளுக்குத் தெரியும், பேத்திக்கு ஓரளவு தெரியும். நவம்பர் 2ஆம் திகதி ஆத்துமாக்கள் நாளுக்கு முதல் கிழமையில் ஊர் முழுவதும் மண்வெட்டியோடு வந்து புல்லுச் செருக்கி, மேடு கட்டி, சுண்ணாம்பு அடிப்பார்கள். பின்னேரம் மெழுகுதிரி. இடம்பெயர்ந்த வருடங்களில் அந்தக் கிழமை வரவேயில்லை. சங்கிலி அறுந்தது அங்கேதான்.

அறுந்ததை ஓரளவு முடிச்சிடலாம். ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் இரண்டு நாளும் கத்தியைத் தொடாமல், ஊரின் வயதான பெண்களைக் கூட்டிக்கொண்டு சேமக்காலைக்குள் மெல்ல நடந்து போங்கள். இருக்க ஒரு கதிரையும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோங்கள். "இதிலை ஆரம்மா?" என்று கேளுங்கள். "இதிலை என்ரை மாமி. அவவுக்குப் பக்கத்திலை ஒரு குழந்தை, பேர் வைக்க முந்திப் போனது" என்று சொல்லுவார்கள். அப்படியே எழுதுங்கள், சொன்னவரின் பெயரோடும் நாளோடும். ஆண்கள் மூப்பர் யார், திருவிழா எந்த வருடம் என்று சொல்லுவார்கள். யார் எங்கே கிடக்கிறார் என்பது பெண்களுக்குத்தான் தெரியும். வளவுக்கு ஒரு வரைபடம் கீறி, ஒவ்வொரு குழிக்கும் ஒரு இலக்கம் போட்டு, அதே இலக்கத்தைப் படத்திலும் கொப்பியிலும் எழுதுங்கள்.

கல்லில் எழுத்து மங்கியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். அசிட் ஊற்றாதீர்கள். எழுத்துக்குள் கறுப்புப் பெயின்ற் விடவே விடாதீர்கள். தவறாக வாசித்த எழுத்து அதோடு நிரந்தரமாகிவிடும். மென்மையான தூரிகையும் நல்ல தண்ணீரும் போதும். மாலை வெயில் சரிந்து விழுகிற நேரத்தில் ஒரு பக்கமாக நின்று பாருங்கள், அல்லது கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைக் குறுக்காக விழுத்துங்கள். மதியத்தில் ஒன்றுமே தெரியாத கல்லில் அப்போது எழுத்து எழும்பி நிற்கும்.

எழுத்தில் இல்லாதவற்றுக்குப் பதிவேடுகளைத் தேடுங்கள். மன்னார் தனி மறைமாவட்டமானது 1981இல்தான். அதுவரை யாழ்ப்பாணத்தின் கீழ் இருந்தது. பங்குமனையில் ஞானஸ்நான, மரணப் புத்தகங்கள் இல்லையென்றால் இரண்டு ஆயர் இல்லங்களிலும் விசாரிக்க வேண்டும். அமலமரித் தியாகிகள் 1847இல் இலங்கை வந்ததிலிருந்து தங்கள் பணித்தளங்களின் நடப்பை நாட்குறிப்பாக எழுதிவைக்கிற வழக்கம் உள்ளவர்கள். இன்னும் பழையதற்கு, 1672இல் அச்சான பல்தேயுஸ் பாதிரியாரின் நூலில் மன்னார்த் தீவின் கோவில்களும் வருகின்றன. ஆங்கிலேய அதிகாரி ஜே. பென்றி லூயிஸ் இலங்கையின் கல்லறை எழுத்துக்களைத் தேடித் திரட்டி 1913இல் கொழும்பில் ஒரு பெரும் தொகுப்பாக வெளியிட்டார். நினைவுக்கல் இல்லாமல் போனவர்களுக்கும் அந்த நூலில் இடம் ஒதுக்கினார். அவர் தேடியது பெரும்பாலும் ஐரோப்பியரை. எங்கள் கடற்றொழிலாளிகளை, அவர்களுடைய பெண்களை, முத்துக்குளிப்புக் காலத்துக் கொள்ளைநோயில் போனவர்களை, தோட்டத்துக்கென்று தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்து வழியில் விழுந்தவர்களை எழுத அப்படியொருவர் வரவில்லை. உங்கள் ஊர்ச் சேமக்காலைக்காவது நீங்கள் எழுதலாமே.

மன்னார் மண்ணைத் தோண்டுவது மற்ற இடத்து மண்ணைத் தோண்டுவதுபோல அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆட்கள் நூற்றுக்கணக்கான புதுக் கிறிஸ்தவர்களைக் கொன்றது இந்தத் தீவில். தோட்டவெளியில் அவர்கள் நினைவாகத் திருத்தலம் இருக்கிறது. 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டு, 300க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அமெரிக்க ஆய்வுகூடம் அவற்றின் காலத்தை 1404க்கும் 1635க்கும் இடையில் என்று சொன்னது. காணாமல் போன தங்கள் பிள்ளைகளைத் தேடி அந்தக் குழியோரத்தில் நின்ற தாய்மாருக்கு அந்த விடை ஆறுதலாக இருக்கவில்லை. வங்காலையில் 1985 ஜனவரி 6ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்ட மேரி பஸ்டியன் அடிகளாரின் உடலையும் சனத்திடம் கொடுக்கவில்லை. ஒரு பங்கின் சுவாமிக்கே அந்தப் பங்கில் குழி இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மண்வெட்டி எலும்பில் பட்டால் அது என்ன எலும்பு என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. அந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள். கை வைக்க வேண்டாம், இடம் மாற்ற வேண்டாம். பங்குத்தந்தைக்கும் கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே தோண்டுவதில்லை என்று தொடங்கும்போதே எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

கொத்தரைப் பிடிக்க முன்னம் அனுமதிகள். காணி மறைமாவட்டத்தினுடையது, ஆகவே ஆயர் இல்லத்தின் எழுத்து வேண்டும். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய கட்டடமென்றால் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். திணைக்களத்தைக் கேட்காமல் ஒரு கல்லையும் அசைக்க முடியாது. எந்தக் காலம் என்று தெளிவில்லாவிட்டாலும் கேட்டுவிடுங்கள். பெருநிலப்பரப்பில் இதே வேலையைத் தொடங்குகிற மற்றப் பிள்ளைகள் கண்ணிவெடி அகற்றிய நிலம்தானா என்பதையும் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். எங்கேயென்றாலும் சப்பாத்தும் தடியும் அவசியம். உடைமரப் பற்றைக்குள் சுருட்டைப் பாம்பு இருக்கும்.

பற்றையையும் முழுக்க வழிக்க வேண்டியதில்லை. சுவரை நெருக்குகிறதை, கல்லறையைப் பிளக்கிறதை வெட்டுங்கள். ஓரத்து உடையையும் பனை வடலியையும் விடுங்கள். அவைதான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை எடுத்த அடுத்த சோளகத்தில் சேமக்காலை பாதி மூடிவிடும், மறுபாதி திறந்துவிடும். ஆடும் கழுதையும் நுழையாமல் சுற்றிவரப் பனைமட்டை வேலி போதும். கொங்கிறீற்று மதிலுக்கு ஒதுக்கிய காசைக் கொத்தருக்குக் கொடுங்கள்.

வேலைக்கு அயலூர்களையும் கூப்பிடுங்கள். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் உள்ள முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பல வருடம் கிடந்து திரும்பியவர்கள். திரும்பியபோது தங்கள் பள்ளிவாசலையும் மையவாடியையும் பற்றைக்குள்ளிருந்து மீட்டெடுக்க வேண்டியிருந்தது. இந்த வேலையை அவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர்களுடைய மையவாடியில் ஒரு நாள் வேலையிருந்தால் உங்கள் ஆட்களும் மண்வெட்டியோடு போகவேண்டும். அதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

உபயகாரர் பெயர்ப்பலகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோவில் சுவரில் வேண்டாம் என்பதுதான் என் பதில். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் காசு தந்தவர்கள், கல் பொறுக்கியவர்கள், தேத்தண்ணி ஊற்றியவர்கள், பாண் வெட்டிச் சம்பல் இடித்தவர்கள் எல்லாரையும் ஒரே வரிசையில் எழுதுங்கள். கொப்பியை மூன்று பிரதி எடுத்து ஒன்றைப் பங்குமனையிலும் ஒன்றைப் பாடசாலையிலும் வையுங்கள். மூன்றாவது அம்மாவுக்கு.

பயணச்சீட்டுப் போடுவதற்கு முன்பு பங்குத்தந்தைக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். ஊரில் இருக்கிற யாராவது பிள்ளையிடம் சொல்லி இன்னும் சில படங்கள் எடுப்பித்து அனுப்பினால் நல்லது: வடக்குச் சுவரின் அடிப்பக்கம் நிலத்தோடு சேர்கிற இடம், சுவர் மூலைகள் நான்கும், வாசல் வளைவின் உச்சிக்கல், சேமக்காலையின் கடற்பக்க ஓரம். ஒவ்வொன்றிலும் அளவு தெரிய ஒரு அடிமட்டம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். உச்சிக்கல்லில் வெடிப்பு இருந்தால் நீங்கள் வரும்வரை காத்திருக்க முடியாது. இந்த மாதமே பனங்குற்றி வைத்து முட்டுக் கொடுக்கவேண்டும். அதற்கு இரண்டு பேரும் ஒரு பகலும் போதும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்